சொன்னால்தானே தெரியும்: வீட்டுத் தொழில் கேள்வி பதில்

வீட்டில் ஓர் அறையில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு துணிப்பை தைத்து விற்கத் தொடங்கி வெகு காலம் ஆகிறது. அந்த அனுபவத்தை வைத்துத்தான் இங்கே பதில் சொல்கிறேன். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுற்றி வருகின்றன: "பொருள் நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள், வாங்கத்தான் ஆளில்லை." பொருளுக்காக ஒதுக்கும் நேரத்தில் கால் பங்கையாவது அதைப் பற்றிச் சொல்வதற்கு ஒதுக்குங்கள் என்பதே என் பதிலின் சாரம். எப்படி என்பதைக் கேள்விவாரியாகப் பார்ப்போம்.

கேள்வி: நான் குரோஷா பொம்மைகள் பின்னுகிறேன். தெரிந்தவர்களிடம் "வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லவே நாக்கு எழவில்லை. பழக்கத்தைப் பணமாக்குகிறேன் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

இந்தக் கூச்சம் இல்லாமல் தொழிலுக்கு வந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. தரத்தில் அக்கறை உள்ளவர்களுக்குத்தான் இது அதிகமாக இருக்கிறது என்பதும் என் கணிப்பு. ஆனால் கூச்சம் போன பிறகு பேசலாம் என்று காத்திருக்காதீர்கள். பேசப் பேசத்தான் அது போகும்.

சொல்வது வேறு, வற்புறுத்துவது வேறு. "நான் இதைச் செய்கிறேன்" என்று சொன்னதால் யாரும் மனம் கசந்து விலகிப் போய் நான் பார்த்ததில்லை. "ஒன்றாவது வாங்கு, எனக்காக வாங்கு" என்று நெருக்கும்போதுதான் உறவு உரசுகிறது. எதிரில் இருப்பவர் சங்கடப்படாமல் நழுவிக்கொள்ள ஒரு வழியை உங்கள் பேச்சிலேயே வைத்துவிடுங்கள். நான் சொல்லும் வாக்கியம் இதுதான்: "நான் வீட்டில் துணிப்பை தைத்துக் கொடுக்கிறேன். உங்களுக்குத் தேவைப்படாமல் இருக்கலாம். யாராவது தேடுகிறார்கள் என்று காதில் விழுந்தால் என்னை நினைத்துக்கொள்ளுங்கள்." இதில் வாங்கச் சொல்லவே இல்லை, கவனித்தீர்களா? கேட்டவரும் நிம்மதியாகப் பேச்சைத் தொடர்வார். அவருக்கே தேவை இருந்தால் அடுத்த கேள்வி அவரிடமிருந்து வரும்.

இன்னொன்று. நெருங்கிய தோழிகளிடம் சொல்லத்தான் உங்களுக்குக் கூச்சம். ஆனால் தொழிலை வளர்க்கப்போவது பெரும்பாலும் அவர்கள் அல்ல. மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் புது வேலை கிடைத்தவர்களைச் சந்தித்து, "தகவல் சொன்ன அந்த ஆளை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்?" என்று விசாரித்திருந்தார். அடிக்கடி பார்ப்பவர் என்று சொன்னவர்கள் நூற்றுக்கு 17 பேர்தான். மற்ற அத்தனை பேருக்கும் எப்போதாவது பார்க்கிறவர், அல்லது பார்ப்பதே அபூர்வம் என்கிற ஆள் மூலமாகத்தான் வேலை வந்திருக்கிறது. காரணம் எளிது. உங்கள் நெருங்கிய தோழிக்குத் தெரிந்தவர்களில் பெரும்பாலோரை உங்களுக்கே தெரியும். எப்போதோ ஒருமுறை பேசுகிறவர் வேறொரு வட்டத்தில் இருக்கிறார். உங்கள் குரல் போகாத இடத்துக்கு அவர் குரல் போகும். ஆர்டர்களும் இதே வழியாகத்தான் வருகின்றன. எனக்குக் கிடைத்த பெரிய ஆர்டர்களில் ஒன்று, நான் புத்தகம் எடுக்கப் போகும் நூலகத்தின் ஊழியர் ஒருவர் தன் தங்கையின் அலுவலகத்தில் சொன்னதால் வந்தது. நூலகரிடம் நான் பேசியதெல்லாம் அந்த ஒரு வாக்கியம்தான்.

இன்று போனில் உள்ள பெயர்களைத் திறங்கள். ஒரு வருடமாகப் பேசாதவர்களாகப் பார்த்து ஐந்து பேரைத் தேர்ந்தெடுங்கள். முதலில் மனமார நலம் விசாரியுங்கள். "நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்று அவர்கள் திருப்பிக் கேட்கும்போது பொம்மையின் படத்தைக் காட்டுங்கள். கேட்கவில்லை என்றால் அன்றைக்கு நலம் விசாரித்ததோடு விட்டுவிடுங்கள்.

கேள்வி: பெயர், லோகோ, விசிட்டிங் கார்டு எதுவும் இல்லை. இவையெல்லாம் தயாரான பிறகு ஆரம்பிப்பதுதானே சரி?

இல்லை. இன்றே ஆரம்பியுங்கள். முதல் பத்து வாடிக்கையாளர்கள் உங்களை எந்தப் பெயரில் தேடுகிறார்கள், யாரிடம் என்ன சொல்லி அறிமுகப்படுத்துகிறார்கள் என்று கேட்டுப் பார்த்தபின் பெயர் வையுங்கள்.

கேள்வி: தையல் ஆர்டர் இருக்கும்போது தலை நிமிர நேரமில்லை. முடித்துக் கொடுத்த பிறகு வாரக்கணக்கில் ஈ ஓட்டுகிறேன். பிறகு பதறிப்போய் எல்லோருக்கும் மெசேஜ் அனுப்புகிறேன். இந்தச் சுழலிலிருந்து எப்படி வெளியே வருவது?

வீட்டிலிருந்து தொழில் செய்கிறவர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் மாட்டிக்கொள்ளும் சுழல் இது. இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒருவர் உங்களைப் பற்றிக் கேள்விப்படுவதற்கும் பணம் கொடுத்து ஆர்டர் செய்வதற்கும் இடையில் நாள் பிடிக்கும். சிலருக்கு ஒரு வாரம், சிலருக்கு மூன்று மாதம். ஆகவே இந்த மாதம் உங்கள் கையில் வேலை இல்லை என்றால், போன மாதமும் அதற்கு முந்தைய மாதமும் நீங்கள் வாயைத் திறக்கவில்லை என்று பொருள். வேலை நிறைய இருந்ததால் பேசவில்லை. பேசாததால் இப்போது வேலை இல்லை. பதற்றத்தில் அனுப்பும் மெசேஜும் பலன் தராது. படிக்கிறவருக்கு அந்தப் பதற்றம் தெரிந்துவிடும்.

அதனால் தொழிலைப் பற்றிச் சொல்வதை வேலை ஓய்ந்த நாளுக்கு ஒதுக்காதீர்கள். வேலை நெருக்கும் நாளில்தான் அது அவசியம். நேரம் எங்கே என்று கேட்பீர்கள். தினமும் பதினைந்து நிமிடம் போதும். அதை எங்கே செருகுவது என்பதில்தான் சூட்சுமம். பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளர் பல காலம் ஆராய்ந்து சொன்ன விஷயம் ஒன்று உண்டு: "செய்ய வேண்டும்" என்ற பொதுவான தீர்மானத்தைவிட, "இது முடிந்ததும் அதைச் செய்வேன்" என்று ஒரு செயலோடு இன்னொன்றை முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைக்கிறவர்கள் அதிகம் செய்து முடிக்கிறார்கள். எனக்கு அந்த முடிச்சு பாபின், அதாவது மெஷினில் அடிநூல் சுற்றி வைக்கும் சின்ன உருளை. காலையில் பாபினுக்கு நூல் சுற்றி முடித்ததும், மெஷினில் உட்காருவதற்கு முன், மூன்று பேருக்கு எழுதிவிட வேண்டும். பழைய வாடிக்கையாளர் ஒருவர், விசாரித்துவிட்டுப் போன ஒருவர், இதுவரை என் வேலையைப் பார்க்காத ஒருவர். அதற்குப் பிறகுதான் பெடலில் கால் வைப்பேன்.

யாருக்கு எழுதுவது என்று ஒவ்வொரு நாளும் யோசித்தால் அந்தப் பதினைந்து நிமிடமும் யோசனையிலேயே போய்விடும். அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். என்னைப் பொறுத்தவரை வீட்டுத் தொழிலில் மெஷினுக்கு அடுத்த முதலீடு அதுதான். பக்கத்தை நான்காகப் பிரித்திருக்கிறேன்: பெயர், கடைசியாக என்ன வாங்கினார் அல்லது கேட்டார், கடைசியாகப் பேசிய தேதி, அடுத்து பேச வேண்டிய தேதி. நான்காவது கட்டம் ஒருபோதும் காலியாக இருக்கக் கூடாது. ஒருவரிடம் பேசி முடித்த கையோடு அடுத்த தேதியை எழுதிவிடுவேன். லேப்டாப் பை வாங்கியவர் என்றால் மூன்று வாரம் கழித்து, "தோள்பட்டி உறுத்தாமல் இருக்கிறதா, ஜிப் எங்காவது பிடிக்கிறதா?" என்று கேட்பேன். அந்தக் கேள்விக்கு விற்கும் நோக்கம் கிடையாது. எனக்கு உண்மையிலேயே தெரிந்தாக வேண்டும். உள்லைனிங்கின் நிறம் கருப்பாக இருந்தால் உள்ளே கிடக்கும் சின்னப் பொருள்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை என்று ஒருவர் சொன்னபின் எல்லாப் பைகளுக்கும் வெளிர்நிற லைனிங் போடத் தொடங்கினேன். அப்படிக் கேட்கும்போதுதான் "இன்னொன்று வேண்டும், என் நண்பருக்கு" என்ற பதிலும் வருகிறது.

இது பழக்கமாக எத்தனை நாள் ஆகும்? 21 நாள் என்று பலரும் சொல்வதை நம்பி, 22-ஆம் நாளும் சலிப்பாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், 96 பேர் ஆளுக்கொரு சின்னப் பழக்கத்தைத் தேர்ந்தெடுத்துத் தினமும் செய்து பார்த்தார்கள். யோசிக்காமல் தானாகச் செய்யும் நிலைக்கு வர 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு வந்தது. நடுமதிப்பு 66 நாள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் கெட்டுவிடவில்லை என்பதும் தெரிந்தது. ஆகவே பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டுக்கு விருந்தினர் என்று ஒரு நாள் தவறினால் மனம் உடையாதீர்கள். மறுநாள் பாபின் சுற்றுவீர்கள் அல்லவா, அப்போது தொடருங்கள்.

கேள்வி: தினமும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படம் போடுகிறேன். "சூப்பர்" என்று பதில் வருகிறது, ஆர்டர் வருவதில்லை. என்ன குறை?

நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். கைப்பைகள் அழகாக இருக்கின்றன. ஆனால் ஒரு படத்திலும் பை எவ்வளவு பெரியது, உள்ளே எத்தனை அறை, ஆர்டர் செய்தால் எத்தனை நாளில் கிடைக்கும், யாரிடம் எப்படிச் சொல்ல வேண்டும் என்ற விவரம் இல்லை. பார்க்கிறவருக்கு ரசிப்பதைத் தவிர வேறு வேலை நீங்கள் கொடுக்கவில்லை. அவர் ரசித்துவிட்டுப் போகிறார்.

பொருளைப் பயன்பாட்டில் காட்டுங்கள். இதற்கு ஒரு பழைய உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவில் எர்ல் டப்பர் உருவாக்கிய டப்பர்வேர் டப்பாக்கள் 1940-களில் கடைக்கு வந்தபோது சரியாக விற்கவில்லை. மூடியை அழுத்திக் காற்றை வெளியேற்றி மூடினால்தான் இறுகப் பிடிக்கும். அலமாரியில் இருந்த டப்பாவால் அதைச் சொல்ல முடியவில்லை. பிரௌனி வைஸ் என்ற பெண்மணி வீடுகளில் அக்கம்பக்கத்தாரைக் கூட்டி, மூடிக் காட்டி, கையில் கொடுத்து மூடச் சொல்லி விற்றார். அந்த விற்பனையைப் பார்த்து நிறுவனம் 1951-இல் கடைகளிலிருந்தே சரக்கை விலக்கிக்கொண்டு முழுக்க வீட்டு விற்பனைக்கு மாறியது. 1954-இல் பிஸினஸ் வீக் இதழின் அட்டையில் இடம்பெற்ற முதல் பெண் அவர். பொருள் மாறவில்லை, காட்டிய விதம்தான் மாறியது.

உங்களிடம் ஒரு போன் இருக்கிறது. ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷை அணைத்துவிட்டு, இருபது விநாடி வீடியோ எடுங்கள். காலிப் பை, அதற்குள் தண்ணீர் பாட்டில், குடை, ஒரு புத்தகம் வரிசையாகப் போகட்டும். ஜிப்பை மூடுங்கள். தோளில் மாட்டிக்கொண்டு நில்லுங்கள். அளவு, நிறங்கள், விலை, எத்தனை நாள், "வேண்டும் என்றால் 'பை' என்று பதில் அனுப்புங்கள்" ஆகியவை கீழே இருக்கட்டும். விலையை மறைக்காதீர்கள். "விலைக்கு இன்பாக்ஸ் வாருங்கள்" என்று போட்டால், கேட்கக் கூச்சப்படும் நல்ல வாடிக்கையாளரைத்தான் முதலில் இழப்பீர்கள்.

ஒரு தொழில்நுட்ப விஷயமும் இருக்கிறது. ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். உங்கள் எண்ணை அவரும் அவர் எண்ணை நீங்களும் சேமித்திருந்தால்தான் அவருக்கு அது தெரியும். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்ப உதவும் பிராட்காஸ்ட் பட்டியலில் அதிகபட்சம் 256 பேரைச் சேர்க்கலாம் என்றாலும், உங்கள் எண்ணைச் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். பலர் இது தெரியாமல் யாருக்கும் போகாத செய்தியை மாதக்கணக்கில் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். பையைக் கையில் கொடுக்கும்போதே, "என் எண்ணைச் சேமித்துக்கொள்கிறீர்களா? புது டிசைன் வந்தால் மாதம் ஒருமுறை அனுப்புகிறேன், வேண்டாம் என்றால் நிறுத்திவிடுகிறேன்" என்று கேளுங்கள். கேட்டுப் பெற்ற அனுமதி இருந்தால் உங்களுக்கும் தயக்கம் இருக்காது. வாட்ஸ்அப் பிஸினஸ் செயலிக்கு மாறிவிட்டால் கேட்டலாக் பகுதியில் பொருள்களை அடுக்கி வைக்கலாம். ஒவ்வொருவருக்கும் பத்துப் படம் தேடி அனுப்பும் வேலை மிச்சம்.

கேள்வி: என்னைப் போலவே மெழுகுவத்தி செய்யும் இன்னொருவர் குறைந்த விலைக்கு விற்கிறார். நானும் தள்ளுபடி கொடுக்கலாமா?

முதலில் காகிதத்தை எடுங்கள். உங்கள் விலை 100 என்றும் அடக்கச் செலவு 80 என்றும் வைத்துக்கொள்வோம். லாபம் 20. பத்து சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் விலை 90, லாபம் 10. பழைய லாபத்தை எட்டவே நீங்கள் இரண்டு மடங்கு மெழுகுவத்தி ஊற்ற வேண்டும். உங்கள் கைகள் இரண்டுதான், அடுப்பும் ஒன்றுதான். மாறாக விலையைப் பத்து சதவீதம் ஏற்றினால் லாபம் 30. மூன்றில் ஒரு பங்கு விற்பனை போனாலும் கையில் நிற்கும் லாபம் அதே அளவுதான். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் யாரும் தள்ளுபடி அறிவிக்கக் கூடாது என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த 80-இல் உங்கள் நேரம் சேர்ந்திருக்கிறதா? மெழுகு, திரி, வாசனை எண்ணெய், டப்பா என்று எழுதியிருக்கிறீர்கள். உருக்கும் நேரம், ஆறும்வரை காத்திருந்து திரியை நறுக்கும் நேரம், லேபிள் ஒட்டும் நேரம், பொதியும் நேரம், "இன்னும் வரவில்லையே" என்ற மெசேஜுக்குப் பதில் எழுதும் நேரம், இவற்றைக் காணோம். ஒரு வாரம் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துவிட்டு மறுபடி கூட்டுங்கள்.

போட்டிக்கு வேறு வழிகள் உண்டு. உங்கள் மெழுகுவத்தி எத்தனை மணி நேரம் எரிகிறது என்று எரித்துப் பார்த்து லேபிளில் எழுதுங்கள். மூன்றாகச் சேர்த்து ஒரு பெட்டி போடுங்கள். விலையைக் குறைத்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், "அறிமுக விலை, இந்தத் தேதி வரை" என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். கிடைக்கும் லாபத்தின் மகிழ்ச்சியைவிட அதே அளவு இழப்பின் வலி மனிதர்களுக்குப் பெரிதாகத் தெரிகிறது என்று உளவியலாளர்கள் டேனியல் கானமனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் விளக்கினார்கள். சொல்லாமல் குறைத்த விலை வாடிக்கையாளர் மனத்தில் உண்மை விலையாகப் பதிந்துவிடும். பிறகு ஏற்றும்போது தன்னிடமிருந்து எதையோ பறித்துக்கொண்டதாக உணர்வார்.

கேள்வி: வீட்டில் எல்லோரும் இதைப் பொழுதுபோக்கு என்றுதான் சொல்கிறார்கள். வேலை நடுவில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

வாதம் செய்து பயனில்லை. தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். வேலை நேரத்தைத் தாளில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். மாதக் கடைசியில் வரவு, செலவு, மிச்சம் மூன்றையும் ஒரு பக்கத்தில் எழுதி எல்லோரும் பார்க்கும் இடத்தில் வையுங்கள். தொகை சிறியதாக இருந்தாலும் வைக்க வேண்டும். அந்த நேரத்துக்கு நீங்களே மரியாதை கொடுங்கள். அப்போது உறவினர் போன் செய்தால், அலுவலகத்தில் இருக்கும் ஒருவர் எப்படி "மாலையில் பேசுகிறேன்" என்பாரோ அப்படியே சொல்லுங்கள்.

கேள்வி: வீட்டிலிருந்தபடி சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். விலை கேட்கிறார்கள், சொன்னதும் காணாமல் போய்விடுகிறார்கள். திரும்பக் கேட்டால் தொல்லை என்று நினைப்பார்களோ?

காணாமல் போகிறவர்களில் பலர் மறுத்தவர்கள் அல்ல, மறந்தவர்கள். உங்களுக்கு அது அன்றைய நாளின் மிகப் பெரிய விஷயம். அவருக்கு அது நாற்பது வேலைகளில் ஒன்று. நாம் தொல்லை என்று நினைப்பதை அவர் நல்ல நினைவூட்டலாக எடுத்துக்கொள்ளக்கூடும்.

முதலில், விலை கேட்டால் விலையை மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். "மாதம் எத்தனை ரசீது வரும்? இப்போது கணக்கை யார் பார்க்கிறார்கள்? எதில் அதிக சிரமம்?" என்று கேட்டுவிட்டு, அவர் பதிலுக்கு ஏற்ப விலை சொல்லுங்கள். அப்போது தன் பிரச்சினையை ஒருவர் காது கொடுத்துக் கேட்டதாக அவருக்குத் தோன்றும். வெறும் எண் மட்டும் கையில் இருந்தால் அடுத்தவரின் எண்ணோடு ஒப்பிடுவதைத் தவிர அவருக்கு வழியில்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு செய்தி: "மாதம் எண்பது ரசீது வருவதாகச் சொன்னீர்கள். அதற்கேற்ற மாதிரித் தாள் ஒன்று செய்திருக்கிறேன், அனுப்பட்டுமா?" ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்லும்படி இருக்கட்டும். பதில் இல்லையா? ஒரு வாரம் கழித்து இன்னொன்று: "இப்போது வேண்டாம் என்றாலும் பரவாயில்லை, விலையா, நேரமா, வேறு ஆள் கிடைத்துவிட்டாரா என்று மட்டும் சொன்னால் எனக்கு உதவியாக இருக்கும்." இதற்குப் பலர் நேர்மையாகப் பதில் எழுதுவார்கள். அதன்பின் விட்டுவிட்டு நோட்டில் மூன்று மாதம் தள்ளி ஒரு தேதி போடுங்கள். வேறு ஆளை அமர்த்தியவர்கூட அந்த ஆள் சரிப்படாமல் அப்போது தேடிக்கொண்டிருக்கலாம்.

கேள்வி: ஆர்டர் கைமீறிப் போகிறது. உதவிக்கு ஒருவரை எப்போது சேர்ப்பது? எந்த வேலையைக் கொடுப்பது?

தொடர்ந்து மூன்று மாதம் ஆர்டரைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தால் சேர்க்கலாம். முதலில் வாரத்துக்கு இரண்டு அரை நாள் மட்டும் வரச் சொல்லுங்கள். சொல்லிக் கொடுத்தால் வேறு யாரும் செய்யக்கூடிய வேலையைக் கொடுங்கள். துணியை அயர்ன் செய்து வெட்டுவது, நூல் முனை கத்தரிப்பது, பொதிவது, அஞ்சலில் சேர்ப்பது. வாடிக்கையாளரோடு பேசும் வேலையைக் கொஞ்ச காலத்துக்குக் கைவிடாதீர்கள். போனும் நோட்டும் உங்களிடமே இருக்கட்டும்.